தவளை பாடாத காது

என் இடது காது போய்விட்டதை முதன்முதலில் எனக்குச் சொன்னது ஒரு கார்ட்டூன் தவளை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் இதைச் சொன்னபோது, அவர் தையல் போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். எனக்கு அந்த நிமிடம் சிரிப்பாக இல்லை. அதற்குப் பிறகு டாக்டர்கள் எவ்வளவோ சொன்னார்கள், படம் காட்டினார்கள், தலையைத் திறந்து மூடினார்கள். ஆனாலும் ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடை வாசலில் விழுந்த முதல் அடியை என்னால் மறக்க முடியவில்லை.

என் பெயர் ஜெயசீலன். ஷூ பேக்டரியில் சூப்பர்வைசர். தைத்து வந்த தோலைக் கால் வடிவக் கட்டையின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டும் பிரிவு என்னுடையது. காலையில் மெஷினைப் போட்டால் சாயங்காலம் வரை பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம். விரலைச் சுழற்றினால் பசை தீர்ந்துவிட்டது. தொப்பை இருப்பதுபோல வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்தால் மேனேஜர் வருகிறார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்தால் அந்த ஜோடி ரிஜெக்ட். இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரலை முத்திரை குத்துவதுபோல அழுத்தினால் பாஸ்.

என் மனைவி எஸ்தரும் அங்கேதான் தையல் பிரிவில் இருந்தாள். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. நாங்கள் காதலித்தது முழுக்கக் கைஜாடையில்தான். "என்னைப் பிடித்திருக்கிறதா?" என்பதற்கு ஜாடை எதுவும் இல்லாததால், என்னையே சுட்டிக்காட்டிவிட்டு உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன். அவள் ஒரு வாரம் இழுத்தடித்து, பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முத்திரை குத்தினாள். கிருபா பிறந்தபின் வேலையை விட்டுவிட்டாள். ஆனால் ஜாடையை விடவில்லை. கிருபா தட்டைக் காலி செய்தால் வீட்டிலும் பாஸ்தான், கீரையை ஒதுக்கினால் ரிஜெக்ட்தான்.

கிருபா இரண்டாம் வகுப்பு. அவளுடைய உலகம் ஒரு டிவி கார்ட்டூன். பெயர் 'நத்தையூர் தபால்'. நிதானம் என்கிற நத்தை அந்த ஊர்த் தபால்காரர். குபீர் என்கிற தவளை அவருக்கு உதவியாள். நத்தை தெருத்தெருவாக ஊர்ந்துபோய்க் கடிதம் கொடுப்பதற்குள் எழுதியவரே நேரில் வந்து நிற்பார். ஒவ்வொரு கதையும் அவ்வளவுதான். ஆனால் பாட்டுப் போட்டவர் யாரோ, மனசு வைத்துப் போட்டிருக்கிறார். டிவியில் துண்டு துண்டாக வருகிற அந்தப் பாட்டுகளையும் பின்னணி இசையையும் முழுசாகச் சேர்த்து ஆல்பமாக விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு சத்தமே கிடையாது. தபால்பெட்டித் தகரத்தில் மழை பெய்கிற இசை ஒன்று உண்டு. காக்கை கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பறக்க நத்தை துரத்துகிற இசை ஒன்று. துரத்துகிறவர் நத்தை என்பதால் அது தூங்கவைக்கிற வேகத்தில் போகும். பாட்டே இல்லாத இடங்களில் கூட, "இங்கதான்ப்பா அவரு ஓட்டுக்குள்ள போய் அழுவாரு" என்று கிருபா கதை சொல்லுவாள்.

அதில் முதல் பாட்டு ஒரு கேள்வி-பதில் பாட்டு. "கடுதாசி வந்ததா?" என்று நத்தை இழுத்து இழுத்துக் கேட்கும். "வந்தது வந்தது, வழியிலே நிக்குது!" என்று தவளை குதித்துக் குதித்துப் பதில் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லை. கடைசியில் எஸ்தர் பொறுக்கமாட்டாமல், "ஒண்ணு அந்தத் தவள இந்த வூட்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அவளுக்கு ஒரு இயர்போன் வாங்கிக் குடுங்க" என்றாள். கடைத்தெருவில் ரஹீம் பாய் கடையில் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, பிள்ளைக்குக் கொடுக்கும் முன் சத்தம் அதிகமா என்று என் காதில் மாட்டிப் பார்த்தேன்.

நத்தை கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டது. மறுபடியும் மௌனம். அசல் பீஸ் என்று சொல்லி டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சாப்பாட்டுக்கு உட்காரக்கூட இல்லை. நேராகக் கடைக்குப் போனேன்.

"பாய், இன்னா பீஸ் குடுத்துக்கிற? ஒரு பக்கம் செத்துக் கிடக்குது!"

ரஹீம் என்னைவிடச் சின்னவன், பொறுமைசாலி. "உங்க முன்னாடிதானண்ணே செக் பண்ணேன்" என்றான்.

"இன்னா செக் பண்ண? தவளையக் காணோம் இதுல!"

"தவளையா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் போனை நீட்டினேன். அவன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. தலை லேசாக ஆடியது. "சூப்பரா வருதேண்ணே. வலது பக்கம் ஒருத்தர் அழுவுற மாரி கேக்குறாரு, இடது பக்கம் ஒருத்தன் குதிக்கறான். அவன்தான தவள?" என்றான். அப்புறம் இயர்போனை என்னிடம் கொடுத்து, "மாத்திப் போட்டுப் பாருங்க" என்றான்.

இடது காதுக்கானதை வலது காதில் மாட்டினேன். குபீர் சத்தமாக, தெள்ளத்தெளிவாக வந்து குதித்தது. இப்போது நத்தையைக் காணோம். மறுபடி மாற்றினேன். நத்தை வந்தது, தவளை போனது. ரஹீம் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். குரலைத் தணித்து, "அண்ணே, பீஸ்ல கோளாறு இல்ல. பைசா வேணா இப்பவே திருப்பித் தர்றேன். நீங்க டாக்டர்ட்ட காத காமிங்க" என்றான்.

நான் வாசலிலேயே நின்றேன். பஸ் ஹாரன், மசூதியின் பாங்கு, வண்டிக்கடையில் கரண்டி தட்டுகிற சத்தம் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இடது பக்கத்தில் உலகமே இல்லை. எத்தனை நாளாக இல்லை? அதுதான் எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியாமல் என் உடம்பில் ஒன்று செத்துப்போயிருக்கிறது, நான் கடைக்காரனிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். அதை நினைத்ததும் கடைச் சுவரில் சாய்ந்துகொண்டேன். ரஹீம் ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

வீட்டில் சொன்னதும் எஸ்தர், "நான் கூப்ட்டா உங்க காதுல வுழாதது கல்யாணம் ஆன நாள்லேர்ந்துதான்" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவளும் நிறுத்திவிட்டாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, இடது பக்கம் போய் நின்று ஏதோ சொன்னாளாம். நான் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"பிரியாணி ஆறிப்போச்சுன்னு சொன்னேன்" என்றாள். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பேக்டரியில் சொன்னபோது யாரும் அதிர்ச்சி அடையவில்லை. "பேக்டரி காதுண்ணே, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதியே இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மர டிரம்கள் இருக்கும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு 'டிரம் காது', எங்களுக்கு 'பேக்டரி காது'. பேர் வைத்துவிட்டோம், அதோடு டாக்டரிடம் போகிற வேலை முடிந்தது. என் அப்பாவும் டிரம்மில் இருந்தவர்தான். கடைசி வருடங்களில் அவருக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. நானும் காதில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்திருப்பேன். எஸ்தர்தான் விடாமல் வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாட்டில் எத்தனை பாஷை உண்டோ அத்தனையும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த வடநாட்டுப் பெரியவர் வெகுநேரம் என்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எஸ்தர் தட்டிச் சொன்னபிறகு திரும்பினேன். அவர் கோபித்துக்கொண்டு இடம் மாறிவிட்டார்.

முதலில் காது சோதனை. சத்தம் நுழையாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துவிடுவார்கள். 'பீப்' என்று கேட்டால் அழுத்த வேண்டும். மெல்லிய சத்தத்தில் தொடங்கிப் பெரிதாக்கிக்கொண்டே போவார்கள். வலது பக்கம் அழுத்தினேன், சில இடங்களில் யோசித்து யோசித்து அழுத்தினேன். இடது பக்கம் வந்ததும் பட்டனைப் பிடித்தபடி காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் ஹெட்போனைக் கழற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள். முடிந்துவிட்டதாம்.

பிறகு எம்ஆர்ஐ. அது எக்ஸ்ரே கிடையாது. காந்தத்தை வைத்து உடம்பின் உள்பக்கத்தைப் படம் எடுக்கிற மெஷின். குழாய் போன்ற ஒன்றுக்குள் படுக்கவைத்துத் தள்ளிவிடுவார்கள், அசையக் கூடாது. உள்ளே அடிக்கிற சத்தத்துக்குப் பலபேர் பயந்து வெளியே வந்துவிடுவார்களாம். எனக்கு அந்தச் சத்தம் பழக்கப்பட்டதுதான், எங்கள் பிரிவில் நிற்பதுபோலத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாக மனசுக்குள் ஓட்டினேன். மழை, காக்கை, ஓட்டுக்குள் அழுகை. தவளை வரிகளை மட்டும் எந்தக் காதில் கேட்பது என்று தெரியாமல் தாண்டித் தாண்டிப் போனேன்.

ரிசல்ட் சொன்னது ஒரு டாக்டரம்மா. மெதுவாகப் பேசினார், என் வலது பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு பேசினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நான் மறக்கமாட்டேன்.

"காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்போட உறையில ஒரு கட்டி வளந்திருக்கு. புற்றுநோய் இல்ல, அந்தப் பயம் வேணாம். ஆனா பெருசாகிக்கிட்டே வந்து மூளையோட தண்டுப் பகுதிய அழுத்துது. எடுத்தே ஆகணும்" என்றார். பக்கத்திலேயே முகத்தை அசைக்கிற நரம்பும் உடம்பு தள்ளாடாமல் பார்த்துக்கொள்கிற நரம்பும் ஓடுகின்றன என்று படத்தில் காட்டினார். இடது பக்கம் ஒரு வெள்ளை உருண்டை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர்தான் விரலை நீட்டி, "அது இன்னா மேடம், அந்தப் பக்கம்?" என்று கேட்டாள். வலது பக்கத்தில் மிளகு அளவுக்கு இன்னொரு வெள்ளைப் புள்ளி.

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல வேற யாருக்காவது காது கேக்காம இருந்துதா ஜெயசீலன்?" என்றார்.

"எங்க தெருவுல பாதிப் பேருக்குக் கேக்காது மேடம். பேக்டரி" என்றேன்.

"உங்க ரத்த சொந்தத்துல?"

"எங்கப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்காது. டிரம்ல வேல பாத்தாரு."

"நடக்கும்போது தள்ளாடுவாரா?"

அப்பா தள்ளாடுவார். ஊருக்கே தெரியும். இருட்டிவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். குடிகாரன் என்று பெயர். ஒரு மழைநாளில் வாய்க்கால் ஓரமாக விழுந்தார், எழுந்திருக்கவில்லை. போதையில் விழுந்துவிட்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. அடக்க ஆராதனையில் பாஸ்டரே திருந்தி வாழ்வதைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். அம்மா மட்டும், அந்த மனுஷன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெண்சாதி அப்படித்தான் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் கட்டி வந்தால் அது சத்தத்தால் வந்தது இல்லை, பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கிற கோளாறு என்று டாக்டரம்மா சொன்னார். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும். அவர் அதற்கு மேல் சொல்வதற்குள் எஸ்தர் கேட்டுவிட்டாள்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குது மேடம்."

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

மெஷினை நிறுத்தியதுபோல என் தலைக்குள் எல்லாம் நின்றுபோனது. அதுவரை என் காதைப் பற்றி, என் தலையைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயமெல்லாம் ஒரு நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கிருபா அந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருந்தோம்.

அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. முதலில் என் ரத்தத்தில் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதே இடத்தைக் கிருபாவின் ரத்தத்தில் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். என் ஆபரேஷன் அதுவரை காத்திருக்காது என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா குடிக்கலம்மா" என்றேன்.

"அத்தத்தானடா நான் அன்னிலேர்ந்து சொல்லிக்கினுகிறேன். இன்னா இப்ப புதுசா?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயத்தை உரித்து முடித்தாள். "அந்தப் பாஸ்டரு இப்ப எந்த ஊர்லகிறாரு?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "தெரிஞ்சிக்கினு வா. நானே போயி சொல்றேன்" என்றாள். அப்புறம்தான் அவளுக்கும் உறைத்தது. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கொழந்தைக்கு இன்னாடா?" என்றாள்.

கிருபாவிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவின் காதுக்குப் பின்னால் ஒரு கட்டி, எடுக்கப்போகிறார்கள், அவ்வளவுதான். "குபீர் மாரி குண்டா இருக்குமா?" என்று கேட்டாள். அதைவிடச் சின்னதுதான் என்றேன்.

ஆபரேஷன் காலையில் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரம்வரை போனதாம். எனக்கென்ன தெரியும், காத்திருந்தவள் எஸ்தர். நான் கண் விழித்தபோது வாயில் மூச்சுவிட வைக்கிற குழாய் இருந்தது. பேச முடியாது. தலை பாறையாகக் கனத்தது, கட்டில் படகு மாதிரி ஆடியது. இடது கண்ணை மூட முயன்றேன், அது மூடவில்லை. நர்ஸ் என்னவோ கேட்கிறாள், எனக்குத் தண்ணீர் வேண்டும், அதைச் சொல்ல வழியில்லை. கையை அசைத்தால் குழாயைப் பிடுங்கப் போகிறேன் என்று அவள் அதைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தத் தவிப்பை எதிரிக்கும் வேண்டமாட்டேன்.

அப்போது எஸ்தரைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். நான் விரலைச் சுழற்றினேன். "தண்ணி கேக்குறாரு சிஸ்டர்" என்றாள் உடனே. பசை தீர்ந்துவிட்டது என்கிற ஜாடை அது. அவள் சரியாகப் புரிந்துகொண்டாள். குழாய் இருப்பதால் குடிக்கத் தர முடியாது என்று சொல்லி, நர்ஸ் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தாள். தொடர்ந்து கேட்டேன், எஸ்தர் தொடர்ந்து சொன்னாள். கட்டில் ஆடுதாம், கண்ணு எரியுதாம், தலகாணி ஒசரமாம். நர்ஸுக்கு ஒரே ஆச்சரியம். பெரிய டாக்டர் தன் பட்டாளத்தோடு தூரத்தில் வருவது தெரிந்ததும் நான் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்தேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. போகும்போது கதவருகே நின்று உள்ளங்கையில் கட்டைவிரலை அழுத்தினாள். நான் பாஸ்.

வார்டுக்கு வந்தபின் கண்ணாடி கொடுத்தார்கள். முகத்தின் இடது பாதி தொங்கிப்போயிருந்தது. சிரித்தால் வலது பக்கம் மட்டும் சிரித்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், பயிற்சி செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும் என்று தேற்றினார்கள். இடது காது மட்டும் இனி இல்லவே இல்லை. ஆற்காட்டிலிருந்து வந்து வேலை செய்கிற என் பிரிவுப் பையன்கள் தங்கள் ஊர் இனிப்பு மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தார்கள். என்னால் ஒழுகாமல் தின்ன முடியவில்லை. அவர்கள் அதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேக்டரி கதை பேசினார்கள். பணத்துக்கும் அவர்கள்தான் ஓடினார்கள். அதை எழுதப் போனால் கூச்சப்படுவார்கள், விட்டுவிடுகிறேன்.

கிருபாவைக் கூட்டிவந்த அன்று, அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிடுவாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சுற்றிவந்து உற்றுப் பார்த்தாள். "இன்னாப்பா, நிதானம் மாரி பேசுற?" என்றாள். உண்மைதான், வாய் இழுத்துக்கொண்டதால் ஒவ்வொரு வார்த்தையும் ஊர்ந்துதான் வந்தது. அவள் போனை எடுத்து, இயர்போனில் வலது பக்கத்தை என் காதிலும் இடது பக்கத்தைத் தன் காதிலும் மாட்டிவிட்டு, என் வலது தோளோரம் ஏறி உட்கார்ந்தாள். நத்தை எனக்குக் கேட்டது. "கடுதாசி வந்ததா?" தவளை அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அது பாடியதை அவள் வாய்விட்டுப் பாடினாள். "வந்தது வந்தது, வழியிலே நிக்குது!" பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பிஞ்சு ரத்தத்தில் என்ன இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரஹீமும் ஒருநாள் வந்தான். பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு, என் போனை வாங்கி எதையோ அழுத்தினான். "ரெண்டு பக்கத்து சத்தத்தயும் ஒரே பக்கமா அனுப்புற செட்டிங் ஒண்ணு கீதுண்ணே. மோனோன்னு பேரு. இப்ப கேளுங்க" என்றான். நத்தையும் தவளையும் ஒரே காதில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். ரஹீமின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவன் நெளிந்தான். "வுடுங்கண்ணே, பிரீ செட்டிங்தான்" என்றான்.

வீட்டுக்கு வந்தபிறகு தனியாக இருக்கும்போதெல்லாம் அந்த ஆல்பத்தை மோனோவில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். வலது பக்க மிளகு வளர்கிறதா என்று அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அது என்றைக்கு இந்தக் காதையும் வாங்கிக்கொள்ளுமோ தெரியாது. தெரிந்த பாட்டிலும் தெரியாதது எவ்வளவு இருந்தது! மழை இசையின் கடைசியில் யாரோ குடையை மடக்குகிற சத்தம் இருக்கிறது. எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் கிருபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மோனோவை எடுத்துவிடுவேன். தவளை அவளுடையது.

இதற்கிடையில் அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள். "உடம்புல சத்து இருக்குதான்னு பாக்குறாங்க" என்று சொன்னோம். ஊசிக்கு அழவில்லை என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னாள். அந்த வாரங்களில் நான் கூப்பிட்டு அவள் திரும்பிப் பார்க்காவிட்டால் கிட்டே போய் மறுபடி கூப்பிடுவேன். ஓடும்போது தடுக்கி விழுந்தால் எஸ்தர் அவளை எழுப்பி நேராக நடந்து காட்டச் சொல்லுவாள். டிவியில் மூழ்கி, "கிருபா, கிருபா" என்று எஸ்தர் கத்தியும் அவள் கேட்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், நாங்கள் இருவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிக் கிசுகிசுத்துப் பார்த்தோம். "இன்னா நீங்க ரெண்டு பேரும் பேஜார் பண்றீங்க?" என்று எரிந்து விழுந்தாள். அன்றைக்கு அந்தத் திட்டு எவ்வளவு இனித்தது!

ரிசல்ட் வாங்கப் போன அன்று பள்ளி விடுமுறை. அவளையும் கூட்டிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது. அவள் முன்னால் டாக்டர் சொல்ல வேண்டாம் என்று எஸ்தர் மட்டும் உள்ளே போனாள். நானும் கிருபாவும் அந்தப் பெரிய கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுக்கு இடது, எனக்கு வலது. பாட்டைப் போட்டாள். நத்தை கேட்டது, அவள் பாடினாள். முன்பெஞ்சு வங்காளி அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் டாக்டர் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து மறுபடி தொடங்கியது.

கதவு திறந்தது. எஸ்தர் வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. எங்களைக் கூட்டத்தில் தேடினாள், கண்டாள், ஏதோ கத்தினாள். டோக்கன் நம்பரை மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள், சக்கர நாற்காலி ஒன்று குறுக்கே போனது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. இருக்கிற ஒரு காதில் நத்தை பாடிக்கொண்டிருந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எஸ்தரின் ஒரு கையில் பை, இன்னொரு கையில் என் ஸ்கேன் படக் கவரும் காகிதங்களும். அவள் நின்ற இடத்திலேயே குனிந்து எல்லாவற்றையும் தரையில் போட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். விரல்கள் குறுக்கே போகுமோ என்று என் கண் அந்தக் கைகளிலேயே ஒட்டிக்கொண்டது.

இடது கையை விரித்தாள். வலது கட்டைவிரலால் நடு உள்ளங்கையில் குத்தினாள். நான் பார்க்கவில்லையோ என்று நினைத்து மறுபடி குத்தினாள். மறுபடி. மறுபடி.

கிருபா பாடுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். "பாஸுன்னு காட்டுது அம்மா. யாருப்பா பாஸு?" என்று கேட்டாள்.

"நீதாம்மா" என்றேன். வாய் கோணியது, வலது பாதி சிரித்தது, இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் பரீட்சையே எழுதலியேப்பா" என்றாள். என் வலது காதில் நத்தை, கடுதாசி வந்ததா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.